செபஸ்தியாருக்குப் பூசிய எண்ணெய்

திங்கட்கிழமை காலை ஏழு மணி. ஹென்டர்சனில் நான் வேலை செய்த சீமெந்துப் பட்டறையின் தகரக் கதவைத் தள்ளித் திறந்து விளக்கைப் போட்டேன். நடுவே பலகை மேடையில் செபஸ்தியார் நின்றார். அவரைப் பார்த்ததும் கையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டேன்.

சுருவத்தின், அந்தப் புனிதர் சிலையின், வலது பாதத்தில் ஒரு கை தெரிந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும், ஈரம் பட்ட சுவர்போலக் கறுத்து, அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தன. கணுக்கால் வரை கறை ஊறி ஏறியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

இருக்காதா பின்னே? சனிக்கிழமை அந்தக் கையை அங்கே வைத்தது நான்தான்.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்தின் குளிர்காலம். அந்தச் சுருவம் கப்பல் ஏற இன்னும் பதினொரு நாள் இருந்தது.

குள்ளர்களுக்கு நடுவே

இந்தத் தொடரை வாசிக்கும் ஒருவர், "படம் கீறப் படிப்பித்த ரீச்சர் அங்கே போய்ச் சீமெந்துக் குள்ளர்களைத் தேய்த்துக்கொண்டா இருந்தீர்கள்?" என்று மனம் வருந்திக் கேட்டிருந்தார். ஆமாம், தேய்த்தேன். தோட்டத்தில் வைக்கிற குள்ளர்கள், பறவை குளிக்கிற தொட்டிகள், கேற்றுக்கு இரண்டு பக்கமும் குந்தியிருக்கிற சிங்கங்கள். அச்சில் இருந்து கழற்றியதும் பொருத்தில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். அதை அரத்தாலும் அரத்தாளாலும் தேய்த்து, மூக்கு முழியைச் சரிசெய்வது என் வேலை. சம்பளம் வந்தது, வாடகை கட்டினோம். வருந்த ஒன்றுமில்லை.

பட்டறைக்காரர் பெயர் வென்சல். எழுபது வயது தாண்டியவர். மொராவியாப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, இளவயதில் எல்லையைக் களவாகத் தாண்டி ஓடிவந்தவர். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். இரண்டு அரைகுறைகள் சேர்ந்தால் சில நேரம் ஒரு முழுசு வந்துவிடும். அவர் சொன்னதை நான் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

முப்பது வருஷமாகக் குள்ளர்கள் வார்த்து விற்ற மனிதர், இரண்டு வருஷமாக மாலை வேளைகளில் வேறொன்று செய்துகொண்டிருந்தார். முதலில் களிமண்ணில் பிடித்தார். கை நடுங்கும். முகத்தை மட்டும் ஏழு தரம் அழித்து ஏழு தரம் பிடித்தார். பிறகு சாந்தில் அச்செடுத்து, வெள்ளைச் சீமெந்தும் சுண்ணாம்புக்கல் துகளும் கலந்து வார்த்தார். அந்த அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்கலாம். ஆகவே ஒன்றுதான். இரண்டாவது கிடையாது.

என் நெஞ்சளவு உயரம். மரக்குற்றியில் கட்டப்பட்ட இளைஞன். அம்புகள் செருக உடம்பில் ஐந்து துளைகள். அது யார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "செபஸ்தியார்!" என்று முதல் நாளே கத்திவிட்டேன்.

சதுக்கத்தில் ஒரு தூண்

அவர் அலுவலக அறையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. ஒரு கிராமத்துச் சதுக்கம். சுற்றிவரச் சரிந்த கூரை வீடுகள். நடுவே வீடுகளைவிட உயரமாக ஒரு கல்தூண். தூணைச் சுற்றி மேகம் சுருள் சுருளாக ஏறுகிறது. மேகத்துக்குள் இருந்து சின்னச் சம்மனசுகள், சிறகு முளைத்த தேவதூதர்கள், கொழுகொழுவென்று எட்டிப் பார்க்கின்றன. உச்சியில் மாதா. அடியில் நாலு மூலைக்கும் நாலு புனிதர்கள். ஒரு சாண் இடம்கூடச் சும்மா விடவில்லை. எங்கள் கலியாண வீட்டு மணவறைக்காரனுக்குக் காட்டினால் சந்தோஷப்படுவான்.

முந்நூறு வருஷத்துக்கு முன்பு அந்த ஊரில் கொள்ளைநோய் வந்ததாம். பாதி ஊர் போய்விட்டது. மிஞ்சியவர்கள் நேர்ந்தபடி எழுப்பிய தூண் அது. வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் ஊர்வலமாக வந்து அதைச் சுற்றுவார்கள். நடுவில் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி ஊர்வலத்தை நிறுத்தியது. ஆட்சி போய், எல்லை திறந்தது. ஊர்வலம் திரும்பி வந்தது. கூடவே கள்ளரும் வந்தார்கள். ஓரிரவில் செபஸ்தியாரைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய சிலைகளுக்கு வெளியே நல்ல விலையாம்.

அந்த ஊர்ப் பாதிரியார் யாரிடமோ விலாசம் கேட்டறிந்து வென்சலுக்கு எழுதினார். "நீர் சிலை செய்கிறவர் என்று கேள்வி. எங்களுக்கு ஒரு செபஸ்தியார் வேண்டும்."

வென்சல் கோயிலுக்குப் போகிறவர் அல்ல. கேட்டால் தோளைக் குலுக்குவார். பிறகு எதற்காக இரண்டு வருஷப் பாடு? ஒருநாள் தேநீர் இடைவேளையில் படத்தில் ஒரு ஜன்னலைத் தொட்டுக் காட்டினார். தூணுக்கு நேர் எதிரே உள்ள வீடு.

"இது எங்கட வீடு. தம்பி யோசெப் இருக்கிறான்."

வென்சல் எல்லையைத் தாண்டிய பிறகு, அண்ணன் ஓடியதற்காகத் தம்பியின் வாத்தியார் வேலையைப் பறித்துச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் எழுதிய கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. நாற்பது வருஷத்துக்கு மேல் தம்பியிடம் இருந்து ஒரு வரி இல்லை.

"அவன் என்னோட கதைக்காமல் இருக்கலாம், றெஜினா. ஆனால் ஜன்னலைத் திறந்தா என்ர வேலையைப் பார்க்காமல் இருக்க ஏலாது. சின்னனில இருந்தே அவன் குறை பிடிக்கிறவன். நல்லாப் பார்ப்பான். ஒரு குறையும் இருக்கக்கூடாது."

அதைச் சொன்ன மனிதரின் சிலையில்தான் நான் கை வைத்தேன்.

கோதாரி

எங்கள் ஊர்ப் பக்கம் கோபம் வந்தால் "கோதாரி" என்போம். பால் பொங்கி வழிந்தாலும் கோதாரி, பஸ் போய்விட்டாலும் கோதாரி. நான் மூக்குக்கு மேல் கோபம் உள்ளவள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அது ஒரு காலத்தில் வாந்திபேதியின் பெயர், ஊர் ஊராக வாரிக்கொண்டு போன நோய், என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். எங்கள் கரையோரத்தில் செபஸ்தியார் கோயில்கள் சில எழும்பியதும் அந்த நாட்களில்தான். மொராவியாவில் கொள்ளைநோய்க்கு யாரைக் கூப்பிட்டார்களோ, அவரைத்தான் நாங்கள் கோதாரிக்கும் அம்மைக்கும் கூப்பிட்டோம்.

அந்த ஆண்டு என் மகள் அமலிக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் கொப்புளிப்பான், சின்னம்மை, பரவியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வாரத்தில் காய்ந்து உதிர்ந்தது. இவளுக்கு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் டொக்டர் என்னையும் கணவரையும் இருத்தி வைத்துப் பேசினார். நல்ல செய்தி சொல்கிறவர்கள் இருத்தி வைப்பதில்லை.

நடைபாதைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நேர்ந்தேன். "செபஸ்தியாரே, பிள்ளையைத் தாரும். உமது பாதத்தில் என் கையால் எண்ணெய் வைக்கிறேன்."

பிள்ளையைத் தந்தார்.

எண்ணெய் வைக்கச் செபஸ்தியாருக்கு எங்கே போவது? ஆக்லாந்தில் எனக்குத் தெரிந்த கோயில்களில் அவர் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே செபஸ்தியார் பட்டறையில் நின்றார். பட்டறைக் கதவின் திறப்பும் என்னிடம் இருந்தது. சனிக்கிழமை அமலியையும் கூட்டிக்கொண்டு போனேன். குளிருக்குத் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாக உறைந்திருந்தது. கேத்திலில் தண்ணீர் காய்ச்சிப் போத்தலை அதற்குள் நிறுத்தி இளக்கினேன். உள்ளங்கை நிறைய ஊற்றிப் பாதத்தில் வைத்து அழுத்தினேன். மிச்சத்தைப் பிள்ளையின் நெற்றியிலும் நெஞ்சிலும் பூசினேன். அமலி தானும் தொட்டுப் பார்த்துவிட்டு, அவருக்குக் குளிர்கிறது, சொக்ஸ் போடுவோமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அழுதேன். போகும்போது ரிஷுத் தாளால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் போனேன்.

வென்சலிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஊரில் சுருவத்துக்கு எண்ணெய் வைக்க யாரிடம் கேட்டோம்? கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஊரில் நாங்கள் தொட்ட சுருவங்களெல்லாம் வர்ணம் பூசிய மரம். துடைத்தால் போய்விடும். மூன்று வருஷம் சீமெந்தோடு மாரடித்தவளுக்கு, பூச்சு இல்லாத வார்ப்பு எண்ணெயைக் குடிக்கும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் சனிக்கிழமை அங்கே போனவள் வேலைக்காரி றெஜினா அல்ல, அமலியின் தாய். அவளுக்கு அது சீமெந்தாகவே தெரியவில்லை.

வாசம்

திங்கட்கிழமை வென்சல் வருவதற்கு முன் என் கணவர் ஜெயத்துக்கு அலுவலகத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன்.

"என்னப்பா, நீர் விசரே! அந்த மனுசனுக்கு ஒண்டும் சொல்லாதையும். கூரை ஒழுகினது எண்டு சொல்லிவிடும்."

"கூரை ஒழுகினா கை மாதிரியே ஒழுகும்?"

"அப்ப முன்பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வையும்."

"பொய் சொல்லி நேர்த்தி கட்டுறதோ? வையுங்கோ போனை" என்று நானே வைத்துவிட்டேன்.

வென்சல் வந்தார். தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே கண்டுவிட்டார். கிட்டப் போய் விரலால் தொட்டு மூக்கில் வைத்தார்.

"தேங்காய்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, நேர்த்தி, சனிக்கிழமை, ஒன்றும் விடவில்லை. அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. பிறகு தன் பாஷையில் கத்தினார். ஒரு சொல்கூட விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது. கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தார்.

"இது கல் இல்லை, ஸ்பொஞ்ச்! குடிச்சிட்டுது! இன்னொண்டு பிடிக்க எனக்குக் கை இருக்கோ? யோசெப் முதல்ல பார்க்கப்போறது இந்தக் காலை!"

நடுங்குகிற இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.  ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கல்லுக்காக மன்னிப்புக் கேக்கிறன். எண்ணெய்க்காகக் கேக்க மாட்டன்" என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஹில்ஸ்பரோவில் உள்ள வீட்டுக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. நான் சவர்க்காரத் தண்ணீரால் கழுவினேன். கறை இன்னும் அகன்றது. சுடுதண்ணீர் ஊற்றினேன். கணுக்காலுக்கு மேலே ஏறியது. ஆழம் தெரியாமல் காலை விட்டவள், இப்போது கையையும் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பட்டது. துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பட்டுப் புடவை வைத்தியம்

எங்கள் பிளாற்றுக்குக் கீழே வைதேகி இருந்தாள். திருச்சிக்காரி. இரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு, இங்கே வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவள். செவ்வாய் மாலை அவளிடம் போய்க் கொட்டினேன். முதலில் சிரித்துத் தள்ளினாள்.

"ஐயோ அக்கா! எங்க ஊர்ல சாமிக்கு எண்ணெய் தடவினா பளபளன்னு ஆயிடுவார். உங்க சாமிக்குக் கறையாயிடுச்சா?"

"சிரியாதை வைதேகி. அந்த மனுசன்ர சீவியமே அதுக்குள்ள கிடக்கு."

சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அது கருங்கல்லு, குடிக்காது. இது குடிச்சிடுச்சு. சரி, பட்டுப்புடவையில எண்ணெய் சிந்தினா நாங்க என்ன பண்ணுவோம்? விபூதியை அள்ளிக் கொட்டுவோம். அது எண்ணெயை உறிஞ்சிடும். அதேதான். ஆனா உங்களுக்கு உள்ள உறைஞ்சு கிடக்கு, முதல்ல இளக்கணும். சுண்ணாம்புத் தூள் இருக்கா? டர்பென்டைன் இருக்கா?"

"ரெண்டும் பட்டறையில இருக்கு."

"தோசை மாவு பதத்துக்குக் குழைச்சு, கெட்டியா அப்புங்க. மேல பிளாஸ்டிக் போட்டு மூடுங்க. அடுப்பு, ஹீட்டர் எதுவும் கிட்ட வேண்டாம், பத்திக்கும். சூடு வேணும்னா சுடுதண்ணிப் பை வைங்க. ஒரு நாள்ல போகாது அக்கா. எடுத்துட்டு மறுபடியும் புதுசா அப்பணும். அவசரப்பட்டா கெட்டுடும்."

இந்துப் பெண் ஒருத்தி விபூதி நினைவில் சொன்ன வைத்தியத்தைச் செபஸ்தியாருக்குச் செய்யலாமா என்று ஜெயம் கேட்டார். "போகிறது எண்ணெய், எங்கள் வேதமில்லை" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுச் சுடுதண்ணிப் பை இரண்டையும் பையில் வைத்தேன். அந்தக் குளிரில் அன்றிலிருந்து ஜெயத்துக்குக் கால் சூடு இல்லை.

ஒன்பது நாள்

புதன் காலை வென்சல் வந்தபோது செபஸ்தியார் பிளாஸ்டிக் சுற்றிய காலோடு, மேலே சுடுதண்ணிப் பையோடு, வார்ட்டில் கிடக்கிற நோயாளிபோல் நின்றார். வென்சல் சுற்றி வந்து பார்த்தார்.

"எத்தினை நாள்?"

"தெரியாது. லொறி வரும்வரைக்கும் செய்வன்."

லொறி மறு வாரம் வெள்ளி காலை. எண்ணிப் பார்த்தால் இடையில் ஒன்பது நாள். ஒன்பது நாள் என்றதும் எனக்கு நவநாள்தான் நினைவுக்கு வந்தது. திருநாளுக்கு முன் ஒன்பது நாள் விடாமல் செபிப்போம். ஒரு நாள் விட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். சரி, இதுதான் என் நவநாள் என்று முடிவெடுத்தேன்.

ஒவ்வொரு விடியலும் முதல் ரயிலில் வந்தேன். முதல் நாள் மாவை மரக்கரண்டியால் சுரண்டி எடுத்தபோது அது மஞ்சளித்திருந்தது. சந்தோஷத்தில் துள்ளினேன். கறையைப் பார்த்தால் அப்படியே இருந்தது. திரும்ப அப்பினேன். இரண்டாம் நாளும் மஞ்சள். மூன்றாம் நாள் சுண்டுவிரலின் விளிம்பு மங்கத் தொடங்கியது. டர்பென்டைன் மணத்தில் தலை இடித்தது. கைத்தோல் வெடித்தது. இரண்டு கதவையும் திறந்து வைத்தால் குளிர் எலும்புக்குள் போனது. பகலில் குள்ளர்களைத் தேய்த்தேன். மாலையில் இன்னொரு தரம் பைக்குச் சுடுதண்ணீர் மாற்றினேன். வென்சல் என்னோடு பேசவில்லை. ஆனால் கேத்திலில் எனக்கு முன்பே தண்ணீர் கொதித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டார் ஜெயம். காரில் இருந்தபடியே மெல்லக் கேட்டார்.

"நான் ஒண்டு கேட்டாக் கோவிக்கக் கூடாது. வைச்ச எண்ணெயை நீரே எடுக்கிறீர். அப்ப நேர்த்தி?"

கோபித்தேன். கதவை அடித்துச் சாத்தினேன். உள்ளே போய் அந்தக் கேள்வியோடு அரை மணி நேரம் மேடைக்குக் கீழே இருந்தேன். கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறவளுக்கு என்ன பெயர்? பிள்ளைக்கு மறுபடியும் ஏதும் வந்தால்? எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. பிறகு எழுந்து செபஸ்தியாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "உமக்குத் தந்தது தந்ததுதான். இது அந்தக் கிழவனுக்குக் கட்டுகிற கடன். இரண்டையும் குழப்பாதேயும்." குனிந்து ஐந்தாவது பூச்சை அப்பினேன்.

திங்கட்கிழமை காலை மாவைச் சுரண்டினால் பாதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கை அடையாளமே இல்லை. வென்சலைக் கூப்பிட்டேன். அவர் ஒரு தகரக் குவளையில் தண்ணீர் எடுத்துப் பாதத்தில் விசிறினார். சுத்தமான வார்ப்பு தண்ணீரைக் குடித்துக் கறுக்கும். எண்ணெய் இருந்தால் குடிக்காது, துளி உருண்டு ஓடும். பாதம் முழுக்க நனைந்தது. நடுவில் மட்டும் ஐந்து விரலும் உள்ளங்கையுமாக, நனையாமல், வெள்ளையாக ஒரு கை நின்றது.

 மதியத்துக்குள், உள்ளே கிடந்த எண்ணெய் மேலே ஊறி வந்து, கறை பழையபடி கறுத்தது.

வென்சல் மூலைக்குப் போய்க் கிரைண்டரை எடுத்தார். வயரைச் செருகினார். பாதத்தை அரை அங்குலம் அரைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசப் போகிறாராம். கிரைண்டர் அவர் கையில் தானாகவே ஆடியது. இந்தக் கையால் அரைத்தால் ஐந்து விரலும் போகும். நான் மேடைக்கு முன்னால் போய் நின்றேன்.

"விலகும்."

"மாட்டன்."

"இது என்ர சிலை!"

"ஓம், உங்கட சிலைதான். இந்த விரலைப் பிடிக்க உங்களுக்கு எத்தினை மாதம் எடுத்தது? நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தனான். இன்னும் மூண்டு நாள் இருக்கு. எறும்பூரக் கல்லும் தேயும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். மூண்டு நாளைத் தாங்கோ. வியாழக்கிழமை சரிவராட்டி நானே பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், நீங்கள் அரையுங்கோ."

கிரைண்டர் இரைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. வயரைச் சுருட்டிக்கொண்டே, முதல் தடவையாக, அவர் கேட்டார்.

"பிள்ளைக்கு இப்ப சுகமோ?"

"சுகம். பள்ளிக்கூடம் போறாள்."

தலையை ஆட்டினார். அன்று மாலை ஆறாவது பூச்சுக்கு மாவு குழைத்துத் தந்தவர் அவர். என் கூழைவிடக் கட்டியாகக் குழைத்து, இரண்டு மடங்கு தடிப்பாக அப்ப வைத்தார். சாந்து வேலை செய்த கை அல்லவா. ஹில்ஸ்பரோவில் இருந்து இன்னொரு சுடுதண்ணிப் பையும் வந்தது. செவ்வாயும் புதனும் விடியலில் என்னோடு அவரும் நின்றார்.

பெருவிரல்

வியாழன் மாலை கடைசிப் பூச்சை எடுத்தோம். வெள்ளி காலை, ஊறி வருவதற்கு ஓரிரவு விட்டுவிட்டு, வென்சல் குவளையோடு வந்தார். வெளியே லொறி வந்து நின்றது. சாரதி ஹோர்ன் அடித்தான்.

தண்ணீரை விசிறினார். கணுக்கால் குடித்தது. புறங்கால் குடித்தது. சுண்டுவிரலில் இருந்து ஒவ்வொரு விரலாகக் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் பெருவிரல். அதன் நுனியில், என் கட்டைவிரல் பதிந்த இடத்தில் மட்டும், ஒரு துளி உருண்டு கீழே விழுந்தது. பத்துச் சத நாணயம் அளவுக்கு நனையாத வட்டம்.

"இன்னும் ஒரு நாள்" என்றேன். "லொறிக்காரனை நாளைக்கு வரச் சொல்லுங்கோ."

"கப்பல் நாளைக்கு நிக்காது."

"ஒரே ஒரு பூச்சு!"

"றெஜினா." தோளில் கை வைத்தார். "காய்ஞ்சிருந்தாத் தெரியாது. மழை பெய்தாத்தான் தெரியும்."

"அங்க மழை குறைவோ?"

"இல்லை" என்றார். "நல்லாப் பெய்யும்."

வைக்கோலும் பழைய கம்பளியும் வைத்து, பெட்டிக்குள் படுக்க வைத்தோம். அம்புகளைத் தனியே துணியில் சுற்றி வைத்தோம். மூடியில் அவர் ஆணியைப் பிடிக்க, நான் அடித்தேன்.

இரண்டு வரி

கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவோரம் பொகுட்டுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்திருந்தன. பாதிரியார் ஏற்கெனவே நன்றி எழுதி, சிலை ஊர்வலத்துக்கு முந்திய வாரமே ஏற்றப்பட்டது என்று தெரிவித்திருந்தார். தம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. வென்சல் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். 

ஒரு மதியம் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு மெல்லிய நீலக் கடிதம். அவர் முகத்தைப் பார்த்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"யோசெப் எழுதியிருக்கிறான்."

தன் பாஷையில் ஒரு தரம் வாசித்தார். பிறகு எனக்காக மெல்ல மெல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

"'வென்சல், ஊர்வலத்தண்டு மழை. எல்லாம் நனைஞ்சுது, உன்ர செபஸ்தியாரின்ர பெருவிரல் மட்டும் நனையேல்லை. பிறகும் மூண்டு மழை பார்த்திட்டன். இது என்ன வேலை?' அவ்வளவுதான்."

 குறை பிடிக்கிறவன் பிடித்தேவிட்டான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அன்றைக்கு எண்ணெய்க்காகக் கேட்க மாட்டேன் என்ற வாய்தான்.

"எதுக்கு?" அவர் கண் நிறைந்திருந்தது. "மூண்டு மழைக்கு ஜன்னலைத் திறந்து பார்த்திருக்கிறான். நாற்பது வருஷத்துக்குப் பிறகு என்னட்டை ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். பதில் எழுத வேண்டாமோ?"

தாளை எடுத்து வைத்தார். இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். இரண்டு மூன்று வரி போனதும் பேனை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உம்மட மகளின்ர பெயர் என்ன?"

"அமலி."

"எழுத்துக் கூட்டிச் சொல்லும்."

மேசைக்குக் கிட்டப் போய், அவர் பேனை நகரும் வேகத்துக்கு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.